ஆறு மாதம் நீளும் ஒரு செயல்

மூளைக்குப் போகும் இரத்தக் குழாயின் சுவர் ஓரிடத்தில் மெலிந்து புடைத்துக்கொள்வதை அனியூரிஸம் என்கிறார்கள். வளர்ந்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் அளவுக்கு அது இருக்கிறது. பெரும்பாலானோருக்கு வாழ்நாள் முழுவதும் தெரியாமலே போய்விடுகிறது. வெடித்தால்தான் கொடுமை. அப்படி வெடித்தவர்களில் கணிசமானோர் இறக்கிறார்கள், பிழைத்தவர்களில் பலர் பிறர் கையை எதிர்பார்த்து வாழ்கிறார்கள். ஆகவே அதை அடைப்பதற்கு வழி தேடிய மருத்துவம் பெரிய நன்மை செய்தது. ஆனால் அந்த நன்மையோடு ஒரு கேள்வியும் வந்தது. புடைப்பை அடைக்க உள்ளே வைத்த உலோகத்தின் மேல் இரத்தம் உறையக்கூடாது என்பதற்காக, உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளை நோயாளி மாதக்கணக்கில் விழுங்க வேண்டும். அதே மாத்திரையால் அவருடைய மூளைக்குள்ளோ வயிற்றுக்குள்ளோ இரத்தம் கசிந்து அவர் இறந்தால், அந்தச் சாவு யாருடைய செயல்? எழுதிக்கொடுத்த மருத்துவருடையதா, விழுங்கிய நோயாளியுடையதா, விதியுடையதா, கடவுளுடையதா? அறநெறி இறையியல் நூறாண்டுக்கு மேலாகக் கற்பிக்கப்படும், கண்டியை அடுத்த அம்பிட்டியவின் குருமடக் குன்றில் இந்தக் கேள்வியைக் கேட்பது பொருத்தமானது. அந்தக் குன்றின் மேல் படிக்கப்பட்ட பழைய விடைகள் இதன் முன் எவ்வளவு தூரம் நிற்கின்றன என்று பார்ப்பதும் அவசியமானது.

முதலில் மருத்துவத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். இத்தாலியரான குய்டோ குக்லியெல்மி 1990களின் தொடக்கத்தில் ஒரு முறையைக் கொண்டுவந்தார். மண்டையோட்டைத் திறக்காமல், தொடையிலுள்ள தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, புடைப்புக்குள் பிளாட்டினச் சுருள்களை நிரப்பி அடைக்கும் முறை அது. வாய் அகன்ற புடைப்புகளில் சுருள் வெளியே சரிந்துவிடும். அதைத் தாங்கத் தமனிக்குள் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் ஒன்றை வைக்கிறார்கள். இன்னொரு வகையில், இரத்த ஓட்டத்தையே புடைப்புக்குள் போகாமல் திருப்பிவிடும் நெருக்கமான வலைக்குழாயை வைக்கிறார்கள். பைப்லைன் என்ற அத்தகைய கருவிக்கு அமெரிக்கா 2011இல் அனுமதி தந்தது. தமனியின் உட்சுவர் வளர்ந்து அந்த உலோகத்தை மூடச் சில மாதங்கள் ஆகும். அதுவரை வெறும் உலோகம் ஓடும் இரத்தத்தில் நிற்கிறது. இரத்தத் தட்டுகள் அதன் மேல் ஒட்டிக் கட்டியானால் மூளையின் ஒரு பகுதி இரத்தமின்றிச் செத்துவிடும். அதனால்தான் அஸ்பிரினும் குளோபிடோகிரலும் சேர்த்து, பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம். பிறகு அஸ்பிரின் மட்டும் நீண்ட காலம். வெடித்த அனியூரிஸத்தில் இது இன்னும் இறுக்கமான சிக்கல். புதிதாக இரத்தம் கசிந்திருக்கும் மூளைக்கு, இரத்தம் உறையாமல் வைக்கும் மருந்தைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. மூளையில் தேங்கிய நீரை வடிக்க ஒரு குழாய் போட நேர்ந்தால், அந்தக் குழாய் போன வழியே இரத்தம் கசியலாம். மாத்திரையைக் கொடுத்தாலும் ஆபத்து, கொடுக்காவிட்டாலும் ஆபத்து, பாதியில் நிறுத்தினாலும் ஆபத்து.

இனி அம்பிட்டியவின் பழைய விடைகளுக்கு வருவோம். பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1893இல் கண்டியில் நிறுவிய குருமடத்தில் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த இளைஞர்கள் பெல்ஜிய இயேசு சபையினரிடம் இலத்தீனில் அறநெறி இறையியல் படித்தார்கள். அந்தக் குருமடம் 1955இல் பூனாவுக்குப் போனது. அம்பிட்டியவில் இலங்கையின் தேசிய குருமடம் தொடர்ந்தது. அந்தப் பாடத்தின் நடுவே இருந்த பெரிய வழக்கு, ஒரு காரியம் சரியா தவறா என்று உறுதியாகத் தெரியாதபோது மனச்சாட்சி என்ன செய்வது என்பது. தக்க காரணமுள்ள கருத்து ஒன்று ஒரு காரியத்தை அனுமதித்தால், எதிர்க்கருத்து அதைவிட வலுவாக இருந்தாலும் அனுமதிக்கும் கருத்தைப் பின்பற்றலாம் என்றார் பர்த்தொலொமே தெ மெதினா, 1577இல். அதை எதிர்த்தவர்கள், ஐயம் இருக்கும்போது எப்போதும் பாதுகாப்பான பக்கமே நிற்க வேண்டும் என்றார்கள். ஒரு நூற்றாண்டுச் சண்டை. 1679இல் பாப்பரசர் 11ஆம் இன்னொசென்ட், தளர்ந்த போக்குள்ள 65 கருத்துகளைக் கண்டித்தார். பின்னர் புனித அல்போன்ஸ் லிகோரி நடுவழி ஒன்றைக் கண்டார். ஆனால் இந்தச் சண்டையில் எல்லாத் தரப்பும் பெரும்பாலும் ஒத்துக்கொண்ட ஒன்று உண்டு. பிறர் உயிர் கையில் இருக்கும்போது சலுகைக்கு இடமில்லை, மருத்துவர் பாதுகாப்பான மருந்தையே தரவேண்டும் என்பது. மிகவும் நியாயமான விதி. அனியூரிஸத்துக்குப் பிந்திய மாத்திரை அந்த விதியைத்தான் கையாலாகாததாக்குகிறது. இங்கே பாதுகாப்பான பக்கம் என்று ஒன்று இல்லை. ஒரு பக்கம் இரத்தக் கசிவு, மறு பக்கம் இரத்த அடைப்பு. இரண்டின் முடிவும் பக்கவாதமாகவோ சாவாகவோ இருக்கலாம். பாதுகாப்பைத் தேடிப் பின்வாங்கும் மருத்துவர் பின்வாங்குவதும் இன்னோர் ஆபத்துக்குள்தான்.

பாதுகாப்பான பக்கம் இல்லாத இடங்களுக்கென்று அதே மரபு வைத்திருக்கும் இன்னொரு கருவி இரட்டை விளைவுக் கோட்பாடு. தற்காப்புக்காகத் தாக்கியவன் எதிரியைக் கொல்ல நேர்ந்தால் அது கொலையா என்று 13ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினா கேட்ட கேள்வியிலிருந்து அது பிறந்தது. 19ஆம் நூற்றாண்டில் இயேசு சபையின் ஜான் பியேர் கூரி அதை நான்கு நிபந்தனைகளாக வகுத்தார். செயல் தன்னளவில் தீயதாக இருக்கக்கூடாது. நோக்கம் நல்ல விளைவாக இருக்க வேண்டும். தீய விளைவின் வழியாக நல்ல விளைவு வரக்கூடாது. தீமையைத் தாங்கத் தக்க அளவு காரணம் வேண்டும். மாத்திரைக்கு இதைப் பொருத்தும்போது கூர்மையான ஓர் ஆட்சேபம் எழுகிறது. வலிக்குக் கொடுத்த மருந்து மூச்சைத் தளர்த்தினால், வலி தணிவதும் மூச்சுத் தளர்வதும் இருவேறு விளைவுகள். இங்கே அப்படியில்லை. உலோகத்தைக் காப்பதும் தட்டுகளின் செயலிழப்புதான், மூளையில் கசியும் இரத்தத்தை நிற்கவிடாமல் செய்வதும் அதே செயலிழப்புதான். அப்படியானால் தீமையின் வழியாகத்தானே நன்மை வருகிறது, மூன்றாம் நிபந்தனை உடைகிறதே என்று கேட்கலாம்.

இந்த ஆட்சேபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது இரண்டு வேறு பொருள்களை ஒன்றாக எடுத்துக்கொள்கிறது. தட்டுகள் ஒட்டாத நிலை உடலின் ஒரு நிலை, அதுவே தீமை ஆகாது. தீமை என்பது கசிவு. ஒருவர் ஆறு மாதம் மாத்திரையை எடுத்து, ஒரு சொட்டு இரத்தமும் கசியாமல் முடித்தால், மருந்து தன் வேலையை முழுமையாகவே செய்திருக்கும். நன்மை வருவதற்குக் கசிவு தேவைப்படவில்லை. கசிவு இல்லாமலே நன்மை முழுதாக வர முடிகிறது என்றால், கசிவு அந்த நன்மைக்கு வழியாக இருக்க முடியாது. ஆகவே மூன்றாம் நிபந்தனை நிற்கிறது. நான்காவது நிபந்தனைதான் உண்மையில் கனமானது. தக்க அளவு காரணம் என்றால் எவ்வளவு? யாருடைய உடலில்? எந்த மாதத்தில்? கூரியின் நிபந்தனைகள் செயல் என்பதை ஒரு கணமாகக் கருதுகின்றன. வாள் ஓங்கிய அந்தக் கணத்தோடு எடைபோடல் முடிந்துவிடுகிறது. மாத்திரை அப்படி முடிவதில்லை. என் வாதம் முழுவதும் இந்த இடத்தில்தான் நிற்கிறது: இது ஆறு மாதம் நீளும் ஒரே செயல், அதன் நன்மை தீமையை முதல் நாள் எடைபோட்டுவிட்டுத் தராசை உள்ளே வைக்க முடியாது.

கண்டி பௌத்தத்தின் நகரமும்தான். மல்வத்தை, அஸ்கிரிய பீடங்கள் காத்துவரும் விநயம் என்ற பிக்கு ஒழுக்க மரபில் இந்தக் கேள்விக்கு வியக்கத்தக்க அளவு நெருங்கிய வழக்குகள் உண்டு. மனிதக்கொலை பற்றிய மூன்றாம் பாராஜிக விதியின் கீழ், நோயுற்ற பிக்குவுக்குச் சக பிக்குகள் மூக்கில் மருந்து விட்டார்கள், எண்ணெய் தேய்த்தார்கள், குளிப்பாட்டினார்கள், அவர் இறந்துபோனார் என்று வரிசையாக வழக்குகள் வருகின்றன. ஒவ்வொன்றிலும் புத்தர் கேட்பது, செய்தவர் மனத்தில் என்ன இருந்தது என்பதையே. கொல்லும் எண்ணம் இல்லையென்றால் குற்றம் இல்லை. நல்லெண்ணத்தோடு மருந்து கொடுத்து நோயாளியை இழந்த எவருக்கும் இது பெரிய ஆறுதல். ஆனால் எண்ணம் மட்டும் போதுமா? நோயாளிக்கு வயிற்றுப் புண் உண்டா என்று கேட்காமல் அஸ்பிரின் எழுதும் மருத்துவருக்கும் கொல்லும் எண்ணம் இல்லை. எண்ணம் குற்றத்திலிருந்து விடுவிக்கும், கடமையிலிருந்து விடுவிக்காது. அந்தக் கடமையின் விரிவைத் திருக்குறளின் மருந்து அதிகாரம் சொல்லியிருக்கிறது. நோயை மட்டும் பார்த்தால் போதாது, நோயாளியையும் நோயின் அளவையும் காலத்தையும் பார்க்க வேண்டும். மருத்துவம் என்பதில் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து கவனிப்பவரும் ஓர் உறுப்பு. நோயாளியையும் காலத்தையும் அருகிருப்பவரையும் கணக்கில் சேர்த்த அந்த அறிவு, முதல் நாள் எடைபோடலோடு திருப்திப்படாத அறிவு.

அந்த ஆறு மாதத்தில் என்ன நடக்கும் என்பதை இந்த மலைநாட்டிலேயே வைத்துப் பார்க்கலாம். கண்டியிலிருந்து அம்பிட்டியவைக் கடந்து தலாத்து ஓயா வழியாக ஹேவாஹெட்டப் பக்கம் ஏறும் பாதை, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்ட லூல்கந்துர இருக்கும் மலைகளுக்குப் போகிறது. அங்கே கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணுக்குத் தலையில் ஸ்டென்ட் வைத்து அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கூடை சுமந்த தோளுக்கும் முழங்காலுக்கும் வலி வந்தால் பார்மசியில் டைக்ளோபெனக் கிடைக்கும். அது அஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசியும் ஆபத்து பலமடங்கு. நெஞ்செரிச்சலுக்கு ஒமெப்பிரசோல் எடுத்தால், அது ஈரலில் குளோபிடோகிரல் மாற்றமடைவதைத் தடுத்து அதன் பலனைக் குறைக்கும். குளோபிடோகிரல் உடலுக்குள் மாறிய பிறகுதான் வேலை செய்யும். அந்த மாற்றத்தைச் செய்யும் நொதியில் குறைபாடுள்ள மரபணுவைத் தென்னாசியரில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஒரு பிரதியாவது சுமக்கிறார்கள். இரண்டு பிரதியும் அப்படி அமைந்தவர்களுக்கு இந்த மருந்து போதிய பலன் தராமல் போகலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2010இல் மிகக் கடுமையான எச்சரிக்கையை மருந்துத்தாளில் சேர்த்தது. விழுங்கியும் காப்பு இல்லாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள் என்று பொருள். பிறகு டெங்கு. 2017இல் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது, 400 பேருக்கு மேல் இறந்தார்கள். காய்ச்சல் என்றால் பெரசிட்டமோல் மட்டுமே, அஸ்பிரின் கூடவே கூடாது என்று சுகாதார அமைச்சு ஆண்டுதோறும் சொல்கிறது, ஏனெனில் டெங்குவில் இரத்தத் தட்டுகள் சரிகின்றன. இந்தப் பெண்ணோ அஸ்பிரினை நிறுத்தக்கூடாது என்று சொல்லப்பட்டவள். இரண்டு அறிவுரையும் சரியானவை, ஒரே உடலில் மோதுகின்றன. அஸ்பிரின் தொட்ட தட்டு தன் ஆயுள் முடியும் ஏழு முதல் பத்து நாள் வரை மீளாது. எனவே காய்ச்சலின் மூன்றாம் நாள் யோசிக்கத் தொடங்கினால் அது பிந்திய யோசனை. முதல் நாள் எடைபோட்ட தராசு அன்றைக்குச் செல்லாது. புதிதாக எடைபோட ஒருவர் வேண்டும், அவரை அடைய ஒரு வழி வேண்டும்.

மருந்தே இல்லாமல் போனால்? 2022 மார்ச்சில் பேராதனைப் போதனா வைத்தியசாலை, மருந்துத் தட்டுப்பாட்டால் வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்தியது. கண்டியிலிருந்து சில கிலோமீற்றரில் இருக்கும் பெரிய வைத்தியசாலை அது. நாட்டின் அந்நியச் செலாவணி தீர்ந்த அந்த மாதங்களில், நாளாந்தம் விழுங்கியாக வேண்டிய ஒரு மாத்திரையின் அறநெறி எப்படி மாறிவிடுகிறது என்பதை யோசிக்க வேண்டும். ஆறு மாதம் மருந்து கிடைக்கும் என்ற நம்பிக்கையில் உள்ளே வைத்த உலோகம் அப்படியே இருக்கும். நம்பிக்கை மட்டும் போய்விடும். ஸ்டென்ட் வைத்த மருத்துவரின் கை அப்போது அங்கே இல்லை. ஆனாலும் செயல் முடியவில்லை. மருந்தை இறக்குமதி செய்பவர், களஞ்சியத்தைப் பார்ப்பவர், நிதியை ஒதுக்குபவர் எல்லாரும் தெரிந்தோ தெரியாமலோ அந்தச் செயலின் பங்காளிகள். அறநெறி நூல்கள் உடந்தை பற்றிப் பேசும்போது தீமையில் பங்கேற்பதையே பெரும்பாலும் பேசின. தொடங்கிய நன்மையை நடுவில் கைவிடும் உடந்தையைப் பற்றி அவ்வளவு எழுதவில்லை. எழுத வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனெனில் நீண்டகால மருந்துகளின் காலத்தில் பெரும்பாலான தீங்கு அந்த வழியாகத்தான் வருகிறது.

புரியும் மொழியில் விளக்கம் கிடைக்காமல் போவதும் அப்படித்தான். 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் இலங்கையின் ஆட்சிமொழி ஆக்கியது. ஆயினும் மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து வருபவர்கள் தங்கள் மொழியில் விளக்கம் பெறாமலே கிளினிக் கொப்பியோடு வீடு திரும்புவது இன்னும் நடக்கிறது. ஒப்புதல் என்பதைச் சட்டத்தின் கையெழுத்தாகப் பார்த்தால் இது நிர்வாகக் குறை. செயல் ஆறு மாதம் நீளும் என்று ஏற்றுக்கொண்டால் இது அறக்குறை ஆகிவிடுகிறது. காரணம், அந்த ஆறு மாதமும் செயலைச் செய்பவர் நோயாளிதான். ஒவ்வொரு காலையும் மாத்திரையை எடுப்பவர் அவர். கறுத்த மலம் போனால், ஈறில் இரத்தம் நிற்காவிட்டால், திடீரென்று தலை இடித்தால் முதலில் அறிகிறவரும் அவர். பல் பிடுங்கப் போன இடத்தில் மாத்திரையை நிறுத்தச் சொன்னால், முதலில் என் மூளை டொக்டரைக் கேட்கவேண்டும் என்று சொல்ல வேண்டியவரும் அவர். அவருக்குப் புரியாத மொழியில் விளக்கம் சொன்னவர், செயலைச் செய்யவேண்டியவரிடமிருந்து அறிவைப் பிரித்துவிடுகிறார். அறிவின்றிச் செய்யும் செயலுக்கு முழுப் பொறுப்பு இல்லை என்பது அக்குவினாவுக்கும் தெரியும், விநயத்துக்கும் தெரியும். அந்தப் பொறுப்பு காற்றில் கரைவதில்லை, சொல்லாமல் விட்டவரிடம் போய்ச் சேர்கிறது.

இத்தனை ஆபத்து இருந்தால் ஒன்றும் செய்யாமல் கடவுளிடம் விட்டுவிடலாமே என்று சொல்பவர்கள் உண்டு. தலையெழுத்து என்று தோட்ட லயத்திலும் கர்மம் என்று கிராமத்திலும் திருவுளம் என்று ஆலயத்திலும் சொல்லப்படுவது ஏறக்குறைய ஒன்றுதான். இதை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1957 நவம்பர் 24 அன்று மயக்கமருந்து நிபுணர்களிடம் பேசியபோது, உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கையாளும் கடமையே மனிதருக்கு உண்டு, அளவுக்கு மீறிய சுமையாகும் வழிகளை ஏற்கும் கட்டாயம் இல்லை என்றார். எது சாதாரணம் என்பது ஆளையும் இடத்தையும் காலத்தையும் பண்பாட்டையும் பொறுத்தது என்றும் சொன்னார். ஆகவே வெடிக்காத சிறிய அனியூரிஸத்தைத் தொடாமல் கண்காணிப்போம் என்று ஒரு நோயாளி முடிவெடுத்தால் அதில் பாவமில்லை. பல வேளைகளில் மருத்துவமும் அதையே சொல்லும். ஆனால் ஸ்டென்ட் உள்ளே போன பிறகு விட்டுவிடுவது என்ற நிலை ஒன்று இல்லை. மாத்திரையை நிறுத்துவதும் ஒரு செயல், அதற்கும் எடைபோடல் வேண்டும். கடவுளிடம் விடுவதாகச் சொல்லிக்கொண்டு தானே ஒரு முடிவை எடுத்துவிட்டு அதைத் தன் முடிவென்று ஒத்துக்கொள்ளாமல் இருப்பது இறைபக்தி ஆகாது.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. இடத்தைப் பார், கிடைக்கும் மருந்தைப் பார், தூரத்தைப் பார் என்று சொல்லிக்கொண்டே போனால், கொழும்பில் இருப்பவருக்கு ஒரு சிகிச்சையும் ஹேவாஹெட்டவில் இருப்பவருக்கு அதைவிடத் தாழ்ந்த சிகிச்சையும் என்று முடியாதா? ஏழைக்குக் குறைவானதைக் கொடுப்பதற்கு விவேகம் என்று பெயரிடுகிறோமா? இந்தக் கேள்வி என்னை உறுத்துகிறது, அதை முழுதாகத் தீர்க்கவும் முடியாது. ஒன்று மட்டும் சொல்லலாம். மண்டையோட்டைத் திறந்து அனியூரிஸத்தின் கழுத்தில் கிளிப் போடும் பழைய சத்திரசிகிச்சைக்குப் பிறகு இந்த இரட்டை மாத்திரை தேவையில்லை. வெடித்த அனியூரிஸங்களில் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 2,143 நோயாளிகளிடம் நடந்த பன்னாட்டு ஆய்வு 2002இல் வெளிவந்தபோது, ஓராண்டில் இறந்தோ பிறரைச் சார்ந்தோ போனவர்கள் சுருள் வைத்தவர்களில் 23.7 வீதம், கிளிப் போட்டவர்களில் 30.6 வீதம். எனவே கிளிப்பே எல்லாருக்கும் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. ஸ்டென்ட் இல்லாமல் சுருள் மட்டும் நிற்கும் புடைப்பு என்றால் சுருளே நல்லது, மாத்திரைச் சுமையும் குறைவு. ஸ்டென்ட் தேவைப்படும் வடிவமாக இருந்து, ஆறு மாத மருந்துக்கும் கண்காணிப்புக்கும் உறுதி இல்லை என்றால், கிளிப்பை முன்வைப்பது நோயாளியின் வாழ்க்கையை நேர்மையாகப் பார்த்த முடிவு. தாழ்ந்த சிகிச்சை என்பது எது என்று கேட்டால், மருந்துக்கு உறுதி இல்லாத இடத்தில் மருந்தைச் சார்ந்த கருவியை வைத்து அனுப்புவதுதான் என்பேன். அந்த உறுதியைத் தோட்டம் வரை கொண்டுபோவது அரசின் நீதிக்கடன். அது நிறைவேறும் வரை நிறைவேறியதாக நடித்துக்கொண்டு மருத்துவம் பார்க்க முடியாது.

எல்லாம் சரியாகச் செய்தும் கசியலாம். எடைபோட்டார்கள், தமிழில் சொன்னார்கள், மருந்து தவறாமல் கிடைத்தது, காய்ச்சல் வந்தபோது கேட்டார்கள். ஆனாலும் நான்காம் மாதத்தில் மூளைக்குள் இரத்தம். தத்துவஞானிகள் பெர்னார்ட் வில்லியம்ஸும் தோமஸ் நேகலும் 1976இல் எழுப்பிய விவாதம் இதைத் தொடுகிறது: நம் கைக்குள் இல்லாத தற்செயல், நம் செயலின் அறமதிப்பை மாற்றலாமா? மாற்றக்கூடாது என்று பகுத்தறிவு சொன்னாலும், குற்றமற்ற கையால் ஒரு சாவு நேர்ந்தால் அந்தக் கைக்கு உரியவர் வெறும் பார்வையாளரைப் போல நகர்ந்துவிட முடியாது என்றார் வில்லியம்ஸ். அவர் சொன்னது சரி. விநயம் அந்தப் பிக்குகளைக் குற்றவாளிகள் ஆக்கவில்லை, அவர்கள் துயரப்படக்கூடாது என்றும் சொல்லவில்லை. அந்த மருத்துவர் துயரப்படுவார், குடும்பத்தை நேரில் பார்ப்பார், என்ன நடந்தது என்று அவர்களுக்குப் புரியும் மொழியில் மறைக்காமல் சொல்வார். மாத்திரைதான் கொன்றது என்று அவர்கள் சொன்னால், கோபமின்றிக் கேட்டுவிட்டு, மாத்திரை இல்லாதிருந்தால் எந்த மாதத்தில் என்ன நேர்ந்திருக்கக்கூடும் என்பதையும், அது நிச்சயமாகத் தெரியாது என்பதையும் சேர்த்தே சொல்வார். மாத்திரை நின்றுபோன பிறகு அந்த நீண்ட செயலில் அவரிடம் மீதமிருக்கும் வேலை இந்தப் பேச்சுத்தான்.